தட்டினால்தான் உட்காரும்

கபிதலீனா எகோரவ்னா அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். முதல் முறை விஷயம் என்னவென்று தெரிந்துகொள்ள. இரண்டாம் முறை யாரைத் திட்டுவதென்று தேர்ந்தெடுக்க. தேர்ந்தெடுக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. எதிர் நாற்காலியில் பட்டறைத் தலைவர் வலேரி சவேலிச் உட்கார்ந்து தேநீரில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தார்.

"இது என்ன இழவு?"

"படையிலேர்ந்து வந்த புகார், கபிதலீனா எகோரவ்னா. நான் எழுதல."

"எழுதலைன்னு தெரியுது. உங்களுக்கு இவ்வளவு தெளிவா எழுத வராது."

புகார் உண்மையிலேயே தெளிவாகத்தான் இருந்தது. தெற்கே மலைப்பகுதியில் இருக்கும் ஒரு படைப்பிரிவுக்குப் போன இருபது கட்டைகளில் பதினான்கு சரியில்லை. கட்டை என்பது பட்டறைப் பெயர். தாளில் அதற்கு எழுத்தும் எண்ணுமாய் நீளமான பெயர் உண்டு. ஆனால் குழாயைப் பாதியில் நறுக்கி, பின்பக்கத்தை மடித்து, கவச வண்டி ஓட்டுகிறவன் முழங்கால் இடுக்கில் செருகிக்கொள்கிற அளவுக்குச் செய்த துப்பாக்கியை அந்த நீளமான பெயர் சொல்லி யார் கூப்பிடுவார்கள்? அதன் இடது விலாவில் ஓர் எஃகுப் பட்டை. இருட்டில் பார்க்கிற ஸ்கோப்பின் அடியில் ஒரு கவ்வி. கவ்வியைப் பட்டையில் நுழைத்து, நிற்கும்வரை முன்னே தள்ளி, கொண்டியை மூடினால் இறுகிக்கொள்ளும். எத்தனை தரம் கழற்றி மாட்டினாலும் குறி அங்கேயே இருக்க வேண்டும். இந்தப் பதினான்கில் இருக்கவில்லை. ஒவ்வொரு தரம் மாட்டும்போதும் குண்டு ஒவ்வொரு பக்கம் போகிறது என்று எழுதியிருந்தார்கள்.

பதினான்கு கவ்விகளிலும் சின்ன வட்டத்துக்குள் நாற்பத்தொன்று என்று குத்தியிருந்தது. அது கபிதலீனாவின் எண்.

சொந்த முத்திரை என்பது அந்த ஆலையில் எல்லாருக்கும் கிடைக்கிற சமாசாரம் இல்லை. இருநூறு பேர் இருக்கிற பட்டறையில் ஐந்து பேரிடம்தான் இருந்தது. மற்றவர்கள் செய்ததைச் சோதனைப் பிரிவு திருப்பித் திருப்பிப் பார்க்கும். முத்திரைக்காரர் செய்தது நேரே சுடுதளத்துக்குப் போய்விடும். விரல் நீள எஃகுக் குச்சி, முனையில் எண். அதை இடுப்புச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு பதினோரு வருஷமாக நடந்தாள். புருஷன் விட்டுப்போனபோது அவள் அழவில்லை. முத்திரையை ஒரு தரம் சட்டைப்பையோடு சலவைக்குப் போட்டுவிட்டபோதுதான் அழுதாள்.

"இப்ப என்ன பண்ணணுங்கறீங்க?"

சவேலிச் தேநீரைத் தள்ளி வைத்தார். "ஒரு கையெழுத்து. அந்த மாசம் உங்களுக்கு ரத்த அழுத்தம், கவ்விய முடுக்கறப்ப கவனம் தவறிடுச்சுன்னு ஒரு வரி. முத்திரை மூணு மாசம் என் மேசைக்குள்ள தூங்கும். ஜூலைல எழுப்பிக் குடுத்துடறேன்."

"எனக்கு ரத்த அழுத்தம் உங்க மூஞ்சியப் பாத்தாத்தான் வருது."

"கடற்கரை சானடோரியத்துல ஓய்வெடுக்க ஒரு சீட்டு இருக்கு. பன்னெண்டு நாள்."

அவள் பேசவில்லை.

"சரி, இருபத்துநாலு நாள். சமுத்திரத்தப் பாத்த அறை."

பேசாமல் இருப்பவர்களிடம் விலை தானாக ஏறும். இன்னும் ஐந்து நிமிஷம் அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் சமுத்திரத்தையே எழுதிக் கொடுத்திருப்பார். ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பது கபிதலீனாவுக்குக் கைவராத தொழில்.

"சவேலிச், என் மேசைல இருக்கற அளவுப் பட்டை தேஞ்சு போச்சுன்னு மூணு தரம் எழுதிக் குடுத்தேன். ஞாபகம் இருக்கா?"

"அளவுக்குள்ள இருக்குன்னு மூணு தரமும் பதில் குடுத்தோமே."

"அளந்து பாத்தா குடுத்தீங்க?"

"அளந்து பாத்து, தேஞ்சிருந்தா? புதுப் பட்டை வெட்டி, ஒப்புதல் வாங்கி வர்றதுக்கு நாலு நாள். நாலு நாள் உற்பத்தி வரிசை நின்னா இலக்கு போச்சு, காலாண்டு போச்சு. இன்னிக்குத் தேதி மார்ச் இருபத்தாறு, உங்களுக்கே தெரியும்."

"ஓஹோ. இலக்கு உங்களுது, ரத்த அழுத்தம் என்னுது."

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, எடுத்து நிறுத்தவில்லை. "அந்தப் பதினாலு கட்டையையும் வரவழைங்க. என் கண்ணு முன்னால சுடணும். தப்பு என் கையிலன்னா, அரத்தை எடுத்து நானே என் எண்ண ராவி எறியறேன்."

வரவழைக்கத் தேவையில்லை. கட்டைகள் முந்தின நாளே ரயிலில் வந்து இறங்கியிருந்தன, கூடவே லாப்ஷின் என்று ஒரு சார்ஜண்டும். வெயிலில் உரிந்த மூக்கு. ஆலை உணவகத்தின் முட்டைக்கோஸ் சூப்பை நான்கு தட்டு குடித்துவிட்டு ஐந்தாவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுடுதளம் பட்டறைக்குக் கீழே, நூறு மீட்டர் நீளச் சுரங்கம். அங்கே நீலிச்தான் ராஜா. முப்பது வருஷமாகச் சோதனைக்குச் சுடுகிறவர். ஸ்கோப் கண்ணாடி துடைக்க அவருக்கு மாதம் ஒரு லிட்டர் ஸ்பிரிட் ஆலைக் கணக்கில் உண்டு. கண்ணாடி அதில் ஒரு சொட்டும் கண்டதில்லை. நீலிச் ஊதுகிற மூச்சில் மீதி இருப்பதே அதற்குப் போதும் என்று பட்டறையில் சொல்வார்கள். கை மட்டும் நடுங்காது.

படையின் சார்பாக ஆலையில் உட்கார்ந்து சரக்கை ஏற்றுக்கொள்கிற மேஜர் தெம்னிகோவ் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டார். வளவளவென்று பேசுகிற ஆள் இல்லை. அவர் கையெழுத்து இல்லாமல் ஆலையிலிருந்து ஓர் ஆணிகூட வெளியே போகாது.

"ஆரம்பிங்க, நீலிச்."

நீலிச் முதல் கட்டையை எடுத்தார். ஸ்கோப்பை மாட்டினார், நான்கு குண்டு சுட்டார், கழற்றினார், திரும்ப மாட்டினார், மறுபடி நான்கு. அட்டை இழுத்து வரப்பட்டது. எட்டு ஓட்டையையும் ஒரு தேநீர்த் தட்டால் மூடிவிடலாம்.

இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவது இன்னும் நன்றாக இருந்தது. பதினான்காவது முடிந்தபோது சவேலிச்சின் முகத்தில் ஈஸ்டர் பண்டிகை.

"பாத்தீங்களா தோழர் மேஜர்? சரக்குல ஒரு குறையும் இல்ல. கபிதலீனா எகோரவ்னா கையில ஒரு குறையும் இல்ல, நான் முன்னாடியே சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க?" என்றாள் கபிதலீனா.

"மனசுல. எழுதிடலாம்: ஸ்கோப்பப் படை ஆளுங்க முறைகேடாக் கையாண்டதால வந்த பழுது. பொறுப்பு, ஆயுதத்தக் கவனிக்கற சார்ஜண்ட்."

லாப்ஷின் நிமிர்ந்தான். "தோழர் பட்டறைத் தலைவரே, அந்த சார்ஜண்ட் நான்தான்."

"பாவம், அது உங்க தலையெழுத்து."

"நாங்க கட்டையோட வந்த புத்தகத்துல இருக்கற மாதிரிதான் மாட்டினோம். எழுத்துக்கு எழுத்து."

"புத்தகத்தப் படிக்கவும் ஒரு தெறமை வேணும், தம்பி."

லாப்ஷினின் காது சிவந்தது. அரசுச் சொத்தைப் பாழாக்கியவன் என்று ஒரு வரி விழுந்தால் பட்டாளத்தில் அவனுக்கு என்ன கிடைக்கும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், விருந்து கிடைக்காது.

கபிதலீனா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இடுப்பில் முத்திரை பத்திரம். ஆனால் காலையிலிருந்து வளர்த்த கோபம் அடுப்பில் ஏற்றின பால் மாதிரி நின்றது. இறக்கவும் ஆளில்லை, ஊற்றவும் பாத்திரமில்லை. பதினான்கு கட்டையும் இங்கே யோக்கியம், அங்கே அயோக்கியம் என்றால் நடுவில் எதுவோ பொய் சொல்கிறது. ரயில் பெட்டியா பொய் சொல்லும்?

"நீலிச், இன்னொரு தரம் மாட்டு. சுட வேணாம். சும்மா மாட்டு."

நீலிச் தோளைக் குலுக்கிவிட்டு மாட்டினார். கவ்வியை நுழைத்தார், தள்ளினார், ஸ்கோப்பின் பின்புறத்தை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார், கொண்டியை மூடினார்.

"அது என்ன தட்டு?"

"எது தட்டு?"

"இப்பத் தட்டினியே."

"நான் எங்க தட்டினேன்?"

"கழட்டி இன்னொரு தரம் மாட்டு."

மாட்டினார். தட்டினார். தட்டிய கையைத் தூக்கிப் பிடித்து, பக்கத்து வீட்டுக்காரன் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அட நாசமாப் போற கையே! நீ எப்பலேர்ந்து இந்த வேல பண்ற?"

மற்ற இரண்டு சோதனைச் சுடுநர்களையும் கூப்பிட்டார்கள். அவர்களும் மாட்டினார்கள். அவர்களும் தட்டினார்கள். கேட்டால் அவர்களும் தட்டவில்லையாம்.

கபிதலீனா நீலிச் கையிலிருந்து கட்டையை வாங்கி சார்ஜண்டிடம் நீட்டினாள். "நீ மாட்டுப்பா. உங்க ஊர்ல மாட்டற மாதிரி."

"புத்தகத்துல தட்டுன்னு இல்ல அத்தை. 'நிற்கும்வரை தள்ளு, கொண்டியை மூடு'ன்னுதான் போட்டிருக்கு. இதோ, தள்ளறேன். நிக்குது. மூடறேன்."

நீலிச் படுத்து நான்கு குண்டு சுட்டார். அட்டை வந்தது. முதல் இரண்டு குண்டும் இடது பக்கம், ஒரு முழம் தள்ளி. மூன்றாவது நடுவில். நான்காவது மறுபடி நடுவில்.

மேஜர் முக்காலியிலிருந்து எழுந்துவந்து அட்டையைப் பார்த்தார்.

"மூணாவது எப்படி உள்ள வந்துச்சு?"

"ஒதை," என்றாள் கபிதலீனா. "ரெண்டு குண்டு ஒதச்ச ஒதையில ஸ்கோப் தானா நகந்து எடத்துல உக்காந்திருக்கு. அந்தப் பையன் தள்ளறப்ப அது நிக்குது, ஆனா வந்து சேரல. ஒரு மயிரிழை பாக்கி. இவனுங்க தட்டறது அந்த மயிரிழைக்குத்தான்."

சொல்லும்போதே மிச்சமும் அவளுக்கு விளங்கிவிட்டது. கவ்வி எவ்வளவு இறுக வேண்டும் என்பதை அவள் தன் மேசை இடுக்கியில் நிற்கிற அளவுப் பட்டையில் வைத்துத்தான் முடுக்குவாள். ஆயிரக்கணக்கான கவ்விகள் ஏறி இறங்கி அது மெலிந்துவிட்டது. மெலிந்த பட்டைக்கு அளவெடுத்த கவ்வி, துப்பாக்கியின் முழுப் பட்டையில் சிக்காமல் என்ன செய்யும்? ஒல்லி மாப்பிள்ளைக்குத் தைத்த கோட்டைக் குண்டு மாமனாருக்குப் போட்ட கதை. பட்டை மெலிய மெலிய நீலிச் கை தட்டப் பழகியிருக்கிறது. பட்டை தேய ஆரம்பித்து நான்கு வருஷம். அந்த நான்கு வருஷமும் நாற்பத்தொன்று என்று குத்தியது யார்?

மூன்று தரம் எழுதிக் கொடுத்தேன் என்று காலையில் கத்தியது நினைவுக்கு வந்தது. எழுதிக் கொடுத்தாள், சரி. எழுதிக் கொடுத்துவிட்டு அதே பட்டையில் வைத்து முடுக்கினாள். பேனா ஒரு பக்கம், கை ஒரு பக்கம். இந்தத் தடவை கோபம் அவளையும் சேர்த்தே சுட்டது.

சவேலிச்தான் முதலில் தேறினார். "இதுக்குப் போயி இவ்வளவு கவலையா? புத்தகத்துல ஒரு வரி சேத்துடலாம். 'உள்ளங்கையால் ஒருமுறை தட்டவும்.'"

"எவ்வளவு பலமா?" என்று கேட்டார் மேஜர்.

"அதான்... மிதமா."

"கிலோ கணக்குல சொல்லுங்க. புத்தகம் கிலோதான் கேக்கும்."

சவேலிச் கபிதலீனாவின் முழங்கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனார். குரல் வெண்ணெயாக இருந்தது.

"கபிதலீனா எகோரவ்னா, யோசிங்க. நீலிச் சுட்ட பதினாலு அட்டையும் நல்லா இருக்கு. அதத்தான் மேல அனுப்பப்போறேன். பதினஞ்சாவது அட்டைன்னு ஒண்ணு பொறக்கவே இல்ல. முத்திரை உங்க இடுப்புலயே இருக்கும். ரெண்டு அறை வீட்டுக்கு வரிசைல நிக்கறீங்களே, எத்தனாவது எடம்?"

"நூத்திப் பன்னெண்டு."

"ஒம்பது."

"அந்தப் பையன்?"

"அவன் என்ன, உங்க சித்தப்பா மவனா?"

"மேஜர் பாத்துட்டார்."

"மேஜர் எழுத்துல இருக்கறதுக்குத்தான் கையெழுத்துப் போடுவார். எழுதப்போறது நான். புதுப் பட்டைய ஏப்ரல்ல பாத்துக்கலாம், சத்தியமா."

"ஏப்ரல் வரைக்கும் போற கட்டை?"

"தட்டிக்குவாங்க."

"டேய் சவேலிச்," என்றாள் கபிதலீனா. இருபது வருஷத்தில் முதல் தடவையாக 'நீங்க' கழன்று விழுந்தது. "இருட்டுல, குளுருல, கைல ரெண்டு கையுறையோட, எதுத்தாப்புல ஒருத்தன் சுட்டுக்கிட்டிருக்கறப்ப, உன் மிதமான தட்டத் தட்டிட்டா அவன் சுடுவான்? முதல் ரெண்டு குண்டும் ஊர்கோலம் போகும்டா. மூணாவதச் சுட ஆள் இருக்கணுமில்ல?"

"கத்தாதீங்க."

"இன்னும் கத்தவே ஆரம்பிக்கல."

அவள் படியேறிப் பட்டறைக்குப் போனாள். சவேலிச் கத்துவதற்குத்தான் போகிறாள் என்று நினைத்து நிம்மதியாக விட்டுவிட்டார். அவர் செய்த தப்பு அது. கபிதலீனா தன் மேசைக்குப் போய் இடுக்கியைத் திருகினாள். அளவுப் பட்டையை உருவினாள். கழிவுக் கூண்டுக்குப் பக்கத்தில் எப்போதும் திறந்தே இருக்கிற சிவப்புப் பூச்சு டப்பாவில் அதை நெட்டுக்குத்தாக முக்கி எடுத்தாள்.

ஆலையில் எழுதின விதிகள் ஆயிரம், எழுதினபடி நடக்கிற விதி ஒன்று: சிவப்புப் பட்டது செத்தது. அதைக் கம்பிக் கூண்டுக்குள் போட்டுப் பூட்ட வேண்டும். திரும்ப வெளியே எடுக்க மேஜர் கையெழுத்து வேண்டும். இயக்குநரே வந்தாலும் நடக்காது. அளவுப் பட்டை இல்லாமல் கவ்வி முடுக்க முடியாது. கவ்வி இல்லாமல் ஸ்கோப் ஏறாது.

இருபது நிமிஷத்தில் வரிசை நின்றது. ஓசை நின்ற பட்டறையில் எல்லாருக்கும் காது அடைத்த மாதிரி இருந்தது. பிறகு ஒவ்வொருவராக விஷயம் புரிந்து, காது திறந்து, வாயும் திறந்தது.

"காலாண்டு போனஸ் போச்சு!" என்று அடுத்த மேசை நெல்யா பாய்ந்தாள். "உங்களுக்கென்ன, ஒண்டிக்கட்டை! எனக்கு மூணு பிள்ள, குளிர் பூட்ஸ் வாங்கணும். யாரக் கேட்டு முக்கினீங்க?"

"யாரையும் கேக்கல. கேட்டிருந்தா நீயே கையப் புடிச்சிருப்ப."

"பெரிய தியாகி! நாலு வருசம் நீங்கதானே முடுக்கினீங்க?"

"ஆமா, நான்தான். அதுக்குத்தான் என்னத் திட்டணும். நல்லாத் திட்டு, நான் வாங்கிக்கறேன். போனஸுக்குத் திட்டறதா இருந்தா மாடிக்குப் போயித் திட்டு. அங்க சுடச்சுடத் தேநீர் வேற தருவாங்க."

நெல்யா மாடிக்குப் போகவில்லை. அங்கேயே நின்று திட்டினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நீலிச்கூட மேலே வந்து, "எகோரவ்னா, அப்ப நாலு வருசமா நான் சுட்டதெல்லாம் என் கைய நானே பாராட்டிக்கிட்டதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார். அதுதான் அவளுக்கு உறைத்தது.

சாயங்காலம் சவேலிச்சின் அறைக்குக் கூப்பிட்டார்கள். அவர் சட்டைக் கழுத்தைத் தளர்த்தியிருந்தார். சிவப்பை நீக்கக் கையெழுத்துக் கேட்டு இரண்டு தரம் மேஜரிடம் போய்வந்த வியர்வை நெற்றியில் அப்படியே இருந்தது. மேஜரும் அங்கேதான் இருந்தார், ஜன்னலோரம், ஒரு கிளாஸ் தேநீரோடு.

"அனுமதியில்லாம வரிசைய நிறுத்தினதுக்கு," சவேலிச் கையை நீட்டினார், "முத்திரை."

கபிதலீனா சங்கிலியிலிருந்து அதைக் கழற்றினாள். சங்கிலி கொஞ்சம் மல்லுக்கட்டியது. குச்சியை மேசையில் வைத்தாள். அவர் கையில் வைக்கவில்லை.

"எடுத்துக்கங்க. தேஞ்ச பட்டையில முடுக்கி என் எண்ணக் குத்தினது நான்தான். குடுக்க வேண்டியதுதான். ஆனா ரசீது குடுங்க."

"எதுக்கு ரசீது?"

"முத்திரை திரும்பப் பெறும் படிவம். மூணு பிரதி. எனக்கு ஒண்ணு, ஆலைக்கு ஒண்ணு, மாஸ்கோவுக்கு ஒண்ணு. ராத்தல் வெங்காயம் வித்தாலே சீட்டுக் குடுக்கறான். இது எஃகு."

சவேலிச் மேஜரைப் பார்த்தார். மேஜர் தேநீரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சவேலிச் படிவத்தை எடுத்து, கார்பன் தாள் செருகி, பெயர், எண், தேதி எல்லாம் எழுதினார். 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்து, உடல்நிலை என்று எழுதினார்.

கபிதலீனா எட்டி எடுத்து நான்காகக் கிழித்தாள்.

இரண்டாவது படிவம். சொந்த விருப்பத்தின் பேரில். அதையும் கிழித்தாள்.

"படிவம் தீந்து போகும்!" என்று கத்தினார் சவேலிச்.

"கீழ கிடங்குல ஒரு கட்டு இருக்கு," என்றார் மேஜர். "நான் கொண்டுவரச் சொல்றேன். எனக்கு இன்னிக்கு வேற வேல இல்ல, வரிசைதான் நின்னு போச்சே."

"என்னதான் எழுதச் சொல்றீங்க?"

"நடந்தத," என்றாள் கபிதலீனா. "மூணு தரம் புகார் குடுத்த, நாலு வருசமாத் தேஞ்ச அளவுப் பட்டையச் சிவப்புல முக்கி வரிசைய நிறுத்தினதுக்காக. ஸ்கோப் கவ்விப் பழுதுக்குப் படை ஆளுங்க காரணம் இல்ல. அவ்வளவுதான். கட்டத்துல எடம் பத்தலைன்னா பின்பக்கம் எழுதலாம்."

சவேலிச் பேனாவை வைத்தார், எடுத்தார், வைத்தார். மேஜர் அசைகிற மாதிரி தெரியவில்லை. வெளியே பட்டறை சத்தமில்லாமல் கிடந்தது. நின்ற ஒவ்வொரு மணி நேரமும் சவேலிச்சின் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் பல் பிடுங்குகிற மாதிரி எழுதினார். கையெழுத்துப் போட்டார். மேஜரும் எழுந்து வந்து போட்டார்.

கபிதலீனா மூன்று பிரதிகளையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்றாவதைத் திரும்ப மேசைமேல் போட்டாள்.

"மாஸ்கோ பிரதி மங்கலா இருக்கு. அழுத்தி எழுதுங்க."